ஆங்கிலத் தேர்வில் கதை: 45 நிமிடம் போதுமா?

கேள்வி: மகன் இங்கிலாந்தில் ஜி.சி.எஸ்.இ. (பதினாறு வயதையொட்டி எழுதும் பள்ளிப் பொதுத்தேர்வு) ஆங்கில மொழித் தேர்வுக்குத் தயாராகிறான். ஏ.கியூ.ஏ. என்ற தேர்வு வாரியத்தின் முதல் தாளில் கதை பாதியில் இருக்கும்போதே நேரம் முடிந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?
- வாசகி, ஹாரோ

பதில்: கதையைச் சுருக்கச் சொல்லுங்கள். கடத்தல், துரத்தல், விபத்து, மருத்துவமனை என்று அடுக்கினால் 45 நிமிடத்தில் எவராலும் முடிக்க இயலாது. இரண்டு பாத்திரம், ஒரே இடம், கதைக்குள் அரை மணி நேரம் போதும். பேருந்து வராத நிறுத்தத்தில் சண்டை போட்டுக்கொண்டு நிற்கும் அண்ணனும் தங்கையும் என்று வைத்துக்கொள்வோம். காலையில் பல் துலக்கியதிலிருந்து ஆரம்பிக்காமல், தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்ட கணத்தில் தொடங்கட்டும்.

முதல் ஐந்து நிமிடம் திட்டமிட. கடைசி வாக்கியத்தையும் அப்போதே குறித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நேரம் நெருங்கும்போது ‘எல்லாம் கனவு’ என்று முடியும்! எழுத 35 நிமிடம், திருத்த மீதி ஐந்து. 400 முதல் 500 சொற்கள் தாராளம். கதையின் தொடக்கத்தை மட்டும் எழுதச் சொல்லும் கேள்வியும் வருவதுண்டு. அப்போது கதையை முடிக்கவே தேவையில்லை. அவசரத்தில் இதைப் பலர் கவனிப்பதில்லை.

கேள்வி: மகளுக்கு நல்ல கற்பனை. ஆனாலும் மதிப்பெண் குறைகிறதே?
- வாசகர், குரோய்டன்

பதில்: முதல் தாளில் கதை எழுதும் கேள்விக்கு 40 மதிப்பெண், அதாவது தாளில் சரிபாதி. அதில் 24 உள்ளடக்கத்துக்கும் அமைப்புக்கும். மீதி 16 எழுத்துக்கூட்டல், நிறுத்தற்குறி, வாக்கிய அமைப்பு, சொல்வளம் ஆகியவற்றுக்கு. கற்பனை வளமுள்ள பிள்ளைகள் இந்த 16இல்தான் இழக்கிறார்கள். இரண்டு முழு வாக்கியங்களை வெறும் காற்புள்ளியால் ஒட்டுவது முதல் குற்றவாளி. ‘இட் வாஸ் டார்க், ஐ ரேன் ஹோம்’ தவறு; அங்கே முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வர வேண்டும், அல்லது காற்புள்ளிக்குப் பின் ‘ஸோ’ சேர்க்க வேண்டும். அடுத்தது, இறந்தகாலத்தில் போகும் கதை பரபரப்பான இடத்தில் தன்னையறியாமல் நிகழ்காலத்துக்குத் தாவுவது. திருத்தும்போது வினைச்சொற்களை மட்டும் பார்த்துக்கொண்டே ஒருமுறை போனால் இது பிடிபடும். உரையாடலில் ஆள் மாறினால் புதிய வரி.

கேள்வி: கதையை மனப்பாடம் செய்துகொண்டு போகலாமா?
- வாசகி, இல்ஃபோர்ட்

பதில்: வேண்டாம். தலைப்புக்கு ஒட்டாத கதை இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிடும். நன்கு பழகிய ஒரு பாத்திரத்தையும், மழையிலும் வெயிலிலும் வர்ணித்துப் பார்த்த ஓர் இடத்தையும் கைவசம் வைத்திருக்கலாம். சம்பவம் கேள்வியைப் பார்த்தபின் பிறக்கட்டும்.