“அவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும்”: பழைய ஆங்கிலச் சொத்துச் சட்டம் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: “என் நிலம் இன்னாருக்கும் அவர் பிள்ளைகளுக்கும்” என்று ஒருவர் உயில் எழுதினால், எல்லோருக்கும் சமபங்கு என்பதுதானே பொருள்? இதற்கென்று தனியாக ஒரு விதி எதற்கு?

உங்களுக்கும் எனக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் 1599-இல் இங்கிலாந்தின் அரச நீதிமன்றம் ‘வைல்டு வழக்கு’ என்று பெயர்பெற்ற தீர்ப்பில், அந்தச் சொற்களுக்கு இரண்டு பொருள்கள் உண்டென்றும், உயில் எழுதியபோது அந்த இன்னாருக்குப் பிள்ளை இருந்ததா இல்லையா என்பதே எந்தப் பொருள் என்பதைத் தீர்மானிக்கும் என்றும் கூறியது.

பிள்ளை இல்லையென்றால், அவருக்குக் கிடைப்பது ‘எஸ்டேட் டெயில்’, அதாவது அவருடைய வம்சவழியில் மட்டுமே இறங்கக்கூடிய உரிமை. இதற்கு மன்றம் சொன்ன காரணம் நுட்பமானது. பிள்ளைகளும் பயன்பெற வேண்டும் என்பது உயில் எழுதியவரின் தெளிவான எண்ணம். பிறக்காத பிள்ளை இன்றே நிலத்தைப் பெற முடியாது. தந்தைக்குப் பிறகு பெறட்டும் என்றும் அவர் எழுதவில்லை. ஆகவே ‘பிள்ளைகள்’ என்ற சொல் பெறுபவர்களைக் குறிக்கவில்லை, தந்தை பெறும் உரிமையின் அளவையே குறிக்கிறது. மாறாக, உயில் எழுதிய நாளில் பிள்ளைகள் இருந்தால், அவர்களும் பெற்றவரும் சேர்ந்து கூட்டுரிமையாளர்கள் ஆகிறார்கள். ஆனால் அது ஆயுட்கால உரிமை மட்டுமே.

விளைவுகளைப் பாருங்கள். முதல் வகையில் நிலம் மூத்த மகன் வழியே இறங்கும். எல்லாப் பிள்ளைகளையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட உயிலால், மகன் இருக்கும் வீட்டில் மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு காணி நிலம்கூடக் கிடைக்காது. இரண்டாவது வகையில் ஒருவர் இறக்க இறக்க அவருடைய உரிமை எஞ்சியவர்களைச் சேரும்; கடைசியாக எஞ்சியவரும் இறந்தபின், உயிலில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், நிலம் உயில் எழுதியவரின் வாரிசிடமே திரும்பிவிடும். ஒரே வாக்கியம், தொட்டிலில் குழந்தை இருந்ததா என்பதைப் பொறுத்து, இவ்வளவு வேறுபட்ட முடிவுகளைத் தந்தது.

கேள்வி: அந்த வழக்கின் உண்மைச் சங்கதிகள் என்ன?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. புகழ்பெற்ற அந்த இரண்டு விதிகளில் எதுவும் அந்த வழக்கைத் தீர்ப்பதற்குத் தேவைப்படவில்லை. அங்கே நிலம் முதலில் வேறு இருவருக்கு அடுத்தடுத்தும், அவர்களுக்குப் பின் ரோலண்ட் வைல்டுக்கும் அவர் மனைவிக்கும், அவ்விருவரின் மறைவுக்குப் பின் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் என எழுதப்பட்டிருந்தது. அப்போது அவர்களுக்கு ஒரு மகனும் ஒரு மகளும் இருந்தார்கள். பின்னாளில் அந்த மகனின் மகளுக்கு நிலம் சேருமா என்பதே கேள்வி. சேராது என்று முடிவாயிற்று. பெற்றோருக்கு ஆயுட்கால உரிமை, பிள்ளைகளுக்கும் ஆயுட்கால உரிமை, அதோடு சரி. மன்றம் போகிறபோக்கில் கூறி, அக்காலச் சட்ட அறிஞர் எட்வர்டு கோக் தம் வழக்குத் தொகுப்பில் பதிவுசெய்த கருத்துகளே பிற்பாடு நூற்றாண்டுக்கணக்கில் விதியாக ஆண்டன.

கேள்வி: உயில் எழுதிய பின், எழுதியவர் இறப்பதற்கு முன் குழந்தை பிறந்தால்?

முதல் விதிக்கு உயில் எழுதிய நாளே கணக்கு என்று கொள்ளப்பட்டது. எழுதிய நாளில் பிள்ளை இல்லாமல், மறுவருடம் இரட்டைக் குழந்தைகள் பிறந்தாலும் அது எஸ்டேட் டெயில்தான். எழுதிய நாளில் ஒரு பிள்ளையாவது இருந்தால், உயில் எழுதியவர் இறக்கும்போது உயிரோடிருக்கும் எல்லாப் பிள்ளைகளும் கூட்டுரிமையில் சேருவார்கள். உயில் இறப்பில்தான் உயிர்பெறுகிறது என்று படித்தவர்களுக்கு இந்த முரண் உறுத்தும், எனக்கும் உறுத்துகிறது.

கேள்வி: பத்திரம் மூலம் கொடுத்தாலும், பணம் நகை என்றாலும் இதே விதியா?

இல்லை. இது நிலம் பற்றிய உயில்களுக்கு மட்டுமான விதி. உயிலில் எழுதியவரின் எண்ணத்தைத் தேடிப்பார்க்க மன்றங்கள் இடம் கொடுத்தன. பத்திரத்திலோ ‘வாரிசுகள்’ என்ற சொல் இல்லாவிட்டால் ஆயுட்கால உரிமைக்கு மேல் எதுவும் போகாது. பணம், நகை முதலிய அசையும் சொத்தில், பிள்ளைகள் இருந்தால் பெற்றவரோடு கூட்டாகவும், இல்லாவிட்டால் பெற்றவருக்கு முழுமையாகவும் சேர்ந்தது.

கேள்வி: இந்த விதி இன்றும் உயிரோடு இருக்கிறதா?

இங்கிலாந்தில் இல்லை. எஸ்டேட் டெயிலுக்கு அடித்தளமிட்டது 1285-ஆம் ஆண்டுச் சட்டம். 1833-இல் வந்த சட்டம், அந்த வம்சவழிக் கட்டுப்பாட்டை ஒரு பத்திரத்தால் நீக்க வழிசெய்தது. 1837-ஆம் ஆண்டு உயில் சட்டம், வேறு எண்ணம் தெரியாதவரை உயிலில் கொடுத்த நிலம் முழு உரிமையாகவே போகும் என்றதால், இரண்டாவது விதியின் ஆயுட்கால வரம்பு மறைந்தது. 1925-ஆம் ஆண்டுச் சொத்துச் சட்டம், இப்படிப்பட்ட தளர்வான சொற்கள் எஸ்டேட் டெயிலை உண்டாக்கா என்று கூறியதோடு வைல்டு விதி முடிந்தது. 1996-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அங்கே புதிதாக எஸ்டேட் டெயிலையே உண்டாக்க முடியாது.

கேள்வி: எங்கள் பாட்டனார் காலத்துப் பத்திரத்தில் “புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது” என்று இருக்கிறது. பேரன்களான எங்களுக்கு இதனால் தனி உரிமை உண்டா?

பொதுவாக இல்லை. அச்சொற்கள், பத்திரத்தின்படி சொத்தைப் பெற்றவருடைய உரிமை வாரிசுகளுக்கு இறங்கக்கூடிய முழு உரிமை என்பதைக் காட்டுகின்றனவே தவிர, மகனையும் பேரனையும் பங்காளிகளாக்குவதில்லை. இதே கருத்துள்ள வங்கச் சொற்றொடரை, அன்று இந்திய வழக்குகளுக்கு உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் 1881-இல் அப்படித்தான் பொருள்கொண்டது. எஸ்டேட் டெயில் என்பதே இந்து சட்டத்துக்கு அந்நியம் என்று அதே மன்றம் 1872-இல் தாகூர் குடும்ப வழக்கில் தெளிவாகச் சொல்லியிருந்தது.

கிறிஸ்தவக் குடும்பத்து உயில் என்றால், இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925-இன் 97-ஆம் பிரிவு உண்டு. ‘அவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும்’ என்று எழுதி, வேறு எண்ணம் உயிலில் தெரியாவிட்டால், முழுச் சொத்தும் அந்த ஒருவருக்கே என்பதை அப்பிரிவின் விளக்க உதாரணமே சொல்கிறது. வைல்டு வழக்கின் இரண்டு பொருள்களுக்கும் அங்கே இடமில்லை. இந்து உயில்களுக்குப் பொருந்தும் பிரிவுகளைப் பட்டியலிடும் மூன்றாம் அட்டவணையில் 97 இல்லாததால், இந்து உயிலை முழுவதும் படித்தே எழுதியவரின் எண்ணத்தைக் காண வேண்டும். புதிதாக உயில் எழுதுவோர் பிள்ளைகளைப் பெயர் சொல்லி, அவரவர் பங்கையும் குறிப்பிட்டு எழுதிவிட்டால் இந்த ஆராய்ச்சிக்கே இடமிராது.