தேர்வு முடிந்த பின் வரும் தலைவலி

கேள்வி: என் மகளுக்கு வயது 15. ஆறு மாதங்களாக வாரத்தில் மூன்று நாள்களாவது தலைவலி வருகிறது. நெற்றியைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்குவதுபோல் இருக்கிறது என்கிறாள். சில நாள்களில் ஒரு பக்கம் விண்விண்ணென்று தெறித்து, குமட்டலும் வருகிறது. கண் பரிசோதனையில் குறை எதுவும் இல்லை. எங்கள் மருத்துவர் மனஅழுத்தம் என்கிறார். ஆனால் தேர்வு நாள்களில் நன்றாக இருப்பவளுக்கு, தேர்வு முடிந்த மறுநாளும் வார இறுதியிலும்தான் வலி அதிகம். இது மனஅழுத்தமா, நடிப்பா? வலிக்கும்போதெல்லாம் பாராசிட்டமால் கொடுத்து வருகிறேன்.

பதில்: நடிப்பு என்ற ஐயத்தை முதலில் விட்டுவிடுங்கள். பள்ளிக்குப் போகாமலிருக்கச் சாக்குத் தேடும் பிள்ளை சனிக்கிழமையைத் தேர்ந்தெடுப்பதில்லை. அழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது அடங்கியிருந்து, அது தளரும்போது தலைகாட்டும் வலி, மைக்ரேன் எனப்படும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களிடம் அடிக்கடி காணப்படுவதுதான். தேர்வுக் காலத்தில் கூடியிருந்த கார்ட்டிசால் முதலிய ஹார்மோன்கள் சட்டென்று குறைவது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. விடுமுறையன்று நெடுநேரம் தூங்குவதும், அதனால் காலை உணவு தள்ளிப்போவதும் அதனுடன் சேர்ந்துகொள்கின்றன.

மூளைத் திசுவுக்கு வலியை உணரும் தன்மை இல்லை. மூளையைச் சுற்றியுள்ள உறைகள், இரத்தக் குழாய்கள், தலை மற்றும் கழுத்துத் தசைகள் ஆகியவற்றிலிருந்தே வலி புறப்படுகிறது. நாள்கணக்கில் நீடிக்கும் கவலையும் தூக்கக் குறைவும் அந்த வலியைக் கடத்தும் நரம்புப் பாதைகளைக் கூருணர்வு கொள்ளச் செய்வதால், மற்ற நேரங்களில் உறைக்காத சிறு தூண்டுதல்கூட வலியாகிவிடுகிறது. ஆகவே ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக வலி பொய்யாகிவிடாது.

நீங்கள் விவரித்திருப்பதில் இரண்டு வகைத் தலைவலிகள் கலந்திருக்கின்றன. இருபுறமும் அழுத்தி இறுக்குவது டென்ஷன் தலைவலி. குமட்டலோடு தெறிப்பது பெரும்பாலும் மைக்ரேன். அப்போது அவள் வெளிச்சத்தையும் சத்தத்தையும் வெறுக்கிறாளா, மாடிப்படி ஏறினால் வலி கூடுகிறதா என்று கவனியுங்கள். மைக்ரேன் பெரும்பாலும் பரம்பரையாக வருவது என்பதால், மனஅழுத்தம் அதைத் தூண்டுமே தவிர, அதுவே முழுக் காரணம் ஆகாது. ‘மனஅழுத்தம்’ என்ற ஒரே சொல்லோடு ஆலோசனையை முடித்துக்கொள்வது, என் கருத்தில், பாதி நோயறிதல்தான்.

மாத்திரை விஷயத்தில்தான் எனக்குக் கவலை அதிகம். வாரத்தில் மூன்று நாள் என்றால் மாதத்தில் 12, 13 நாள்கள் ஆகின்றன. பாராசிட்டமால் போன்ற வலி நிவாரணிகளை மாதத்தில் 15 நாள்களோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேல் எடுத்துக்கொண்டால், அந்த மருந்தே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். நீங்கள் அந்த எல்லைக்கு அருகில் இருக்கிறீர்கள். வாரத்தில் இரண்டு நாள்களுக்கு மேல் கொடுக்காதீர்கள். கொடுக்கும் நாளில், வலி முற்றும்வரை காத்திராமல், எடைக்கேற்ப மருத்துவர் சொன்ன அளவைத் தொடக்கத்திலேயே கொடுங்கள். ஆஸ்பிரினை இந்த வயதில் நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

இந்த வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. பருவமடையும் காலத்தில் உடல் கடிகாரம் இயல்பாகவே பின்தங்குவதால், இரவில் தூக்கம் வராததைச் சோம்பல் என்றோ பிடிவாதம் என்றோ கருத வேண்டியதில்லை. விடுமுறை நாளிலும் வழக்கத்தைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாக எழாமலும், காலை உணவைத் தவிர்க்காமலும் இருந்தாலே அந்த வார இறுதி வலி குறையக்கூடும்.

10 முதல் 17 வயதுக்குட்பட்ட, நாள்பட்ட மைக்ரேன் உள்ளவர்களிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வொன்றில், மருந்துடன் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையும் (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிக்கொள்ளப் பயிற்றுவிக்கும் உளவியல் சிகிச்சை) பெற்றவர்களுக்கு, மருந்துடன் தலைவலி பற்றிய விளக்கங்களை மட்டும் பெற்றவர்களைவிட வலி நாள்கள் கூடுதலாகக் குறைந்தன. எனவே உளவியல் ஆலோசகரிடம் அனுப்பினால் தயங்காதீர்கள். மகளுக்கு மனநோய் என்று அதற்குப் பொருளில்லை.

ஒரு மாதத்துக்கு வலி வந்த நாள், நேரம், முந்தைய இரவின் தூக்கம், மாதவிடாய், கொடுத்த மாத்திரை ஆகியவற்றை அவளையே குறித்துவரச் சொல்லி, அந்தக் குறிப்புடன் மருத்துவரைப் பாருங்கள். ஆனால் வலி திடீரென்று மிகக் கடுமையாக வந்தாலும், தூக்கத்திலிருந்து எழுப்பினாலும், விடியற்காலையில் வாந்தியுடன் வந்தாலும், காய்ச்சல், கழுத்து விறைப்பு, பார்வைக் கோளாறு, வலிப்பு, கைகால் பலவீனம் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும், தலையில் அடிபட்ட பின் தொடங்கினாலும் குறிப்பு நிரம்பட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.