சபை சிரிப்பது அன்பினால்

கேள்வி: பாளையங்கோட்டையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன், வயது 26. எங்கள் சபையின் வாலிபர் கூட்டத்தில், ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல எழுந்தாலே சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். அமெரிக்காவில் விசுவாசத்தை விடாமல் ஸ்டாண்ட்-அப் காமெடியில் பெரிய ஆளானவர்களைப் பார்க்கிறேன். வேலையை விட்டுவிட்டு, சபை சபையாகப் போய் ‘கிறிஸ்தவ ஸ்டாண்ட்-அப்’ நடத்தலாம் என்றிருக்கிறேன். வம்பும் புத்தியீனமான பேச்சும் பரியாசமும் தகாது என்கிற எபேசியர் 5:4-ஐக் காட்டி அப்பா தடுக்கிறார். உங்கள் யோசனை?

பதில்: வேலையை விடாதீர்கள் தம்பி. ஸ்டாண்ட்-அப்பையும் விடாதீர்கள். ‘சபை சபையாக’ என்ற திட்டத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

எழுந்தாலே சிரிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் எனக்குக் கவலை தந்தது. நீங்கள் வாயைத் திறக்கும் முன்பே சிரிக்கிறவர்கள் உங்களைத் தூக்கி வளர்த்தவர்கள். வரி நன்றாக இல்லாவிட்டாலும் சிரிப்பார்கள். போன வருஷம் ஓர் ஆலய ஆண்டு விழாவில் உங்கள் வயதுத் தம்பி ஒருவர் பேசினார். சபைப் பெரியவர் ஒருவர் ஜெபிக்கும்போது திக்குவதை நடித்துக் காட்டினார். மண்டபம் அதிர்ந்தது. மூன்றாவது வரிசையில் அந்தப் பெரியவரின் மனைவி, மடியிலிருந்த பாட்டுப் புத்தகத்தைப் பிரித்துப் பக்கம் தேடுகிறவரைப் போலக் குனிந்துகொண்டார். கூட்டம் முடிந்ததும் எல்லோரும் அந்தத் தம்பியின் கையைக் குலுக்கி, ஆண்டவர் உங்களைப் பயன்படுத்துகிறார் என்றார்கள். நானும் அவரிடம் எதுவும் சொல்லாமல் வந்துவிட்டேன். அது இன்றைக்கும் உறுத்துகிறது.

உங்கள் அப்பா காட்டும் வசனம் இப்படிப்பட்ட இடத்துக்கு நன்றாகவே பொருந்தும். அதில் ‘பரியாசம்’ என்று வருவது கிரேக்கத்தில் ‘யூட்ரபேலியா’. அரிஸ்டாட்டில் அதே சொல்லை நயமான நகைச்சுவைக்கு வைத்து, நல்ல குணம் என்றார். 13-ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸும் அதை நற்பண்பாகவே எடுத்துக்கொண்டார். அந்த வசனத்தை எழுதிய பவுல் கண்டிப்பது வம்போடும் புத்தியீனமான பேச்சோடும் சேர்ந்து வருகிற கேலியை. சிரிப்பே கூடாதென்றால், சிரிப்பு என்று பொருள்படும் பெயரை ஈசாக்குக்கு வைத்திருப்பார்களா? 2024 ஜூனில் போப் பிரான்சிஸ் நூறுக்கும் மேற்பட்ட நகைச்சுவைக் கலைஞர்களை வாத்திகனுக்கு அழைத்தார். நேசிக்கிறவர்களோடு விளையாடுவதுபோலக் கடவுளை வைத்தும் சிரிக்கலாம் என்று அவர்களிடம் சொன்னார். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள், மரியாதையாகச் சொல்லுங்கள்.

அமெரிக்கக்காரர்களைப் பார்த்தேன் என்கிறீர்கள். அவர்கள் எங்கே பேசிப் பழகினார்கள் என்று பார்த்தீர்களா? மிசிசிப்பியின் ஜெர்ரி கிளோவர் உர வியாபாரி, பாப்டிஸ்ட் விசுவாசி. உரம் வாங்க வந்த விவசாயிகளிடம் ஊர்க் கதை சொல்லிச் சொல்லித்தான் அவருக்கு அந்தக் கலை படிந்தது. முதல் இசைத்தட்டு 1970-இல் வந்தபோது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. டென்னஸியின் நேட் பர்காட்ஸி தண்ணீர் மீட்டர் கணக்கெடுத்துக்கொண்டிருந்தவர். சிகாகோ போய்க் காமெடி படித்து, நியூயார்க்கின் சின்னச் சின்ன கிளப்புகளில் வருஷக்கணக்காகப் பாடுபட்டார். 2023-இல் நாஷ்வில் பிரிட்ஜ்ஸ்டோன் அரங்கில் 19,000 பேருக்கு மேல் அவரைக் கேட்க வந்தார்கள். அவர் மேடையில் பிரசங்கம் செய்வதில்லை. அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்து கேட்கக்கூடியதை மட்டும் பேசுகிறார். அவருடைய விசுவாசம் அந்த வரம்பில் இருக்கிறது. ஜிம் கேஃபிகன் கத்தோலிக்கர், ஐந்து பிள்ளைகளுக்குத் தகப்பன். 2015-இல் பிலடெல்ஃபியாவில் போப் வந்த விழா மேடையிலேயே பேசியவர். பெரும்பாலும் அவர் பேசுவது சாப்பாட்டையும் பிள்ளைகளையும் பற்றித்தான்.

நெற்றியில் ‘கிறிஸ்தவ’ என்று ஒட்டிக்கொண்டு வருவதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. 2019-இல், சபைகளில் மிகவும் பெயர் பெற்ற அமெரிக்க காமெடியன் ஒருவர் மேல் பெண்கள் புகார் சொன்னார்கள். அவர் சுற்றுப்பயணத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று. அவரை நம்பிக் கூப்பிட்ட சபைகளுக்கும் அந்தக் காயம் பட்டது.

ஆகவே, கணக்கு வேலை இருக்கட்டும். ஐந்து நிமிஷம் எழுதுங்கள். உங்களை யாரென்றே தெரியாத கூட்டம் இருக்கிற, யார் வேண்டுமானாலும் மேடையேறிப் பேசலாம் என்கிற ஓப்பன் மைக்குகளில் அதே ஐந்து நிமிஷத்தை இருபது தடவை பேசுங்கள். போனில் பதிவு செய்து, எந்த இடத்தில் மௌனமாக இருந்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அங்கே யாரும் உங்கள் மனம் நோகக்கூடாதென்று சிரிக்க மாட்டார்கள். சபையில் கூப்பிட்டால் போய்ப் பேசுங்கள். ஆனால் கவரில் வைத்துத் தரும் காணிக்கையை வருமானக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

விஷயத்துக்கு உங்கள் ஊரில் பஞ்சமே இல்லை. அசன பண்டிகையை எடுத்துக்கொள்ளுங்கள். இலை போட்டாயிற்று, சோறும் கறிக்குழம்பும் வந்தாயிற்று. வாசனை ஏறுகிறது, எல்லோரும் கண்ணை மூடியிருக்கிறார்கள். ஜெபிக்க எழுந்த தாத்தா ஆதாமிலிருந்து ஆரம்பிக்கிறார். நோவாவைத் தாண்டுவதற்குள் ஒரு குழந்தை அப்பளத்தை உடைக்கும் சத்தம் கேட்கிறது. இதில் யாருக்கும் அவமானம் இல்லை. தாத்தாவும் சேர்ந்து சிரிப்பார்.

இதை ஆலயத்துக்குள் காலே வைக்காத ஒரு நண்பரிடம் முதலில் சொல்லிப் பாருங்கள். ‘அசனம்னா என்ன?’ என்று அவர் நடுவில் நிறுத்திக் கேட்டால், நீங்கள் அடுத்து எழுத வேண்டிய வரி அங்கே இருக்கிறது.