கரண்டிக் கணக்கை நம்ப வேண்டாம்

கேள்வி: வீட்டில் நாங்கள் நாலு பேர். இரண்டு தேக்கரண்டி தேயிலை போட்டு நல்லாகக் கொதிக்கவிட்டால் எல்லாருக்கும் காணும் என்கிறார் மாமி. ஆளுக்கு ஒரு கரண்டி, கேத்திலுக்கு ஒன்று மேலதிகம் என்று எங்கேயோ படித்தேன். எது சரி?
– வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: இரண்டும் பிழை, மாமியுடையது பெரிய பிழை.

முதலில் அந்தக் கரண்டி. எந்தத் தேயிலை வாங்குகிறீர்கள் என்று நீங்கள் எழுதவேயில்லை, ஆனால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. டஸ்ட் தூள் நெருங்கி அடங்கும், தலைதட்டிய ஒரு தேக்கரண்டியே மூன்று கிராமுக்குக் கிட்ட வரும், ஓ.பி. போன்ற நீட்டு இலை அதே கரண்டியில் அதில் பாதிதான் நிற்கும், உடைந்த இலையான பி.ஓ.பி. இரண்டுக்கும் நடுவில். அப்படியிருக்க ஆளுக்கொரு கரண்டி என்று எல்லாத் தேயிலைக்கும் எப்படி ஒரே விதி சொல்வது? நீங்கள் படித்தபடி டஸ்டில் ஐந்து கரண்டி போட்டால் வாயில் வைக்க முடியாது.

நிறையைப் பாருங்கள். 200 மில்லிலீட்டர் கோப்பைக்கு, வெறுந்தேத்தண்ணி என்றால் இரண்டு தொடக்கம் இரண்டரை கிராம், பால் சேர்த்தால் மூன்று. ஐ.எஸ்.ஓ. 3103 என்ற சர்வதேச நியமம் 100 மில்லிலீட்டருக்கு 2 கிராம், 6 நிமிடம் என்கிறது, ஆனால் அது தேயிலைகளை ஒப்பிட்டு ருசி பார்ப்பதற்கானது. வீட்டில் குடிக்க அவ்வளவு கடுஞ்சாயம் வேண்டாம். தராசு இல்லையா, சரி, 50 கிராம் பைக்கற் ஒன்றை உடைத்து டின்னில் கொட்டும்போது தலைதட்டித் தலைதட்டி எத்தனை கரண்டி வருகிறது என்று எண்ணுங்கள். இருபது வந்தால் உங்கள் கரண்டி இரண்டரை கிராம், நாலு பேருக்கு நாலு கரண்டி. தேயிலையை மாற்றினால் திரும்பவும் எண்ண வேண்டும்.

அப்புறம் அந்தக் கொதிக்கவிடும் பழக்கம், இதைத்தான் நான் கெஞ்சிக் கேட்கிறேன், விட்டுவிடுங்கள். நிறமும் மணமும் பெரும்பாலும் முதல் மூன்று நாலு நிமிடத்திலேயே இறங்கிவிடும், அதன்பிறகு அடுப்பில் வைத்து வேகவிட்டால் மணம் ஆவியோடு போய் கயர்தான் மேலும் மேலும் ஊறும், அந்தக் கயரை மறைக்க எல்லாரும் இன்னொரு கரண்டி சீனி போடுவார்கள், கடைசியில் மாமி மிச்சம் பிடித்த தேயிலைக் காசு சீனியில் போய்விடும். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து பறிக்க வேண்டும். அவ்வளவு உழைப்பில் வந்ததை அவித்துக் கெடுப்பது எனக்கு மனம் பொறுக்காத விஷயம்.

நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடும், அங்கே இன்னும் கொஞ்ச நேரம் ஊறவிடுவதில் நியாயம் இருக்கிறது. கடல்மட்டத்தில் இருக்கும் எங்களுக்கு 100 பாகையில் கொதிக்கிறது, வேறென்ன வேண்டும்? தண்ணீர் கொதித்ததும் அடுப்பை நிறுத்தி, தேயிலையைப் போட்டு மூடி, நாலு நிமிடத்தில் வடித்துவிடுங்கள். சாயம் காணாது என்று மாமி சொன்னால் அடுத்தமுறை அரைக் கரண்டி தேயிலை கூட்டுங்கள், நேரத்தைக் கூட்ட வேண்டாம். கிணற்றுத் தண்ணீர் கடினமென்றால் தேத்தண்ணி மங்கி மேலே ஆடை படரும். அதற்குத் தேயிலையைக் கூட்டிப் பயனில்லை, குழாய்த் தண்ணீரில் ஒருதரம் ஊற்றிப் பாருங்கள்.