எஸ்.வி.டி. பயம்: தனியாக பஸ்ஸில் போகலாமா?

எஸ்.வி.டி. (இதயம் திடீரென்று மிக வேகமாகத் துடிக்கும் கோளாறு) இருக்கிறது, பஸ் ஸ்டாப்பில் நின்றாலே படபடக்கிறது, தனியாகப் போகலாமா என்று கேட்கிறீர்கள். போகலாம். எக்கோ (இதய ஸ்கேன்) நார்மல் என்கிறீர்கள், அப்படியானால் எஸ்.வி.டி. பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை, படுத்தி எடுக்கும், அவ்வளவுதான்.

பஸ் ஸ்டாப்பில் நின்றாலே வரும் அந்தப் படபடப்பு, பயத்தில் சுரக்கும் அட்ரினலினாக இருக்கலாம். நாடியைப் பிடித்துப் பாருங்கள். பயத் துடிப்பு மெல்ல ஏறி மெல்ல இறங்கும். எஸ்.வி.டி. சுவிட்ச் போட்டதுபோல் சட்டென்று, பெரும்பாலும் 150க்கு மேல் போய், சட்டென்று நிற்கும்.

அதுதான் என்றால், சாய்ந்து உட்கார்ந்து, ஊசியில்லாத 10 மி.லி. சிரிஞ்சில் தண்டு அசையும்படி 15 விநாடி ஊதுங்கள். உடனே மல்லாந்து படுக்க, யாராவது கால்களை 15 விநாடி தூக்கிப் பிடிக்கட்டும். 2015இல் வந்த இங்கிலாந்து ஆய்வில் 43 சதவீதம் பேருக்கு இதிலேயே நின்றது. (பஸ்ஸில் படுக்க முடியாதுதான், உட்கார்ந்தபடியே முக்கிப் பாருங்கள்.)

முதலில் உங்கள் கார்டியாலஜிஸ்ட்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியே அப்லேஷன் (இதயத்தில் கோளாறு கிளம்பும் இடத்தைச் செயலிழக்கச் செய்யும் சிகிச்சை) பற்றியும். மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தால் ஊதிக்கொண்டிருக்காமல் 108.