எனக்கு மனநோய் வந்தால் அது எனக்கே தெரியுமா?

கேள்வி: எனக்கு வயது 29. என் தாய்மாமா பல வருடங்கள் மனநோயோடு இருந்தார். கடைசிவரை 'எனக்கு ஒன்றுமில்லை' என்றுதான் சொன்னார். எனக்கும் அது வந்து, தெரியாமலே இருக்கிறேனோ என்று பயமாக இருக்கிறது. தூக்கம் வரும் நேரத்தில் யாரோ என் பெயரைக் கூப்பிடுவதுபோல் கேட்கிறது. தனியாக இருக்கும்போது வாய்விட்டுப் பேசுகிறேன். பூட்டிய கதவை மறுபடி இழுத்துப் பார்க்கிறேன். மறதியும் உண்டு. இணையத்தில் செய்துபார்த்த சோதனைகள் ஆளுக்கொரு நோயைச் சொல்கின்றன. நண்பர் தந்த மனச்சோர்வு மாத்திரையை நான்கு நாட்களாகப் போடுகிறேன். போன மாதம் ஒரு வாரம் மட்டும் மிக நன்றாக இருந்தேன். மூன்று மணி நேரத் தூக்கமே போதும், மனம் முழுக்கத் திட்டங்கள், பயமே இல்லை. அக்காதான் 'நீ முன்னே மாதிரி இல்லை' என்று சண்டை போட்டாள். நான் மனநோயாளியா?

பதில்: முதலில் அந்த மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

தூக்கத்தில் விழும் நேரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல் கேட்பது, எந்த நோயும் இல்லாதவர்களுக்கும் வரும். தனியாகப் பேசிக்கொள்வதும் அப்படித்தான். கதவை இரண்டாம் முறை இழுத்துப் பார்ப்பது நோயல்ல. அதிலேயே மணிக்கணக்கில் மாட்டிக்கொண்டால்தான் கவனிக்க வேண்டும். இவ்வளவு பயத்தோடு இருக்கிறவருக்கு மறதி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். இணையச் சோதனைகளை விட்டுவிடுங்கள். பதற்றம், மறதி, தூக்கக் குறைவு என்று குறித்தால் பாதி நோய்களுக்குப் பொருந்தத்தான் செய்யும்.

எனக்குக் கவலை தருவது, நீங்கள் 'மிக நன்றாக இருந்தேன்' என்று எழுதியிருக்கும் அந்த ஒரு வாரம்.

தன் நோய் தனக்குத் தெரியுமா என்பது நோயைப் பொறுத்தது. பதற்ற நோய், ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வந்து வதைக்கும் எண்ண சுழற்சி நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியும்; சிலருக்கு அந்தத் தெரிதலே பெரிய வேதனை. மனச்சோர்வில் வலி தெரியும், ஆனால் அதை நோய் என்று நினைக்காமல் 'என் சோம்பேறித்தனம், என் தப்பு' என்று நினைப்பார்கள். இல்லாத குரல்கள் கேட்கும், நடக்காததை நடந்ததாக நம்பவைக்கும் மனச்சிதைவிலும், மனம் கட்டுக்கடங்காமல் எழுச்சி கொள்ளும் பித்து நிலையிலும்தான் பலருக்கு அந்த உணர்வு மங்கிப்போகிறது.

அது பிடிவாதம் அல்ல. பக்கவாதத்தில் இடது கை செயலிழந்தும் 'என் கை நன்றாகத்தான் இருக்கிறது' என்று உறுதியாகச் சொல்லும் நோயாளிகள் உண்டு. பாபின்ஸ்கி என்ற பிரெஞ்சு மருத்துவர் 1914-இலேயே இதை விவரித்து ஒரு பெயரும் வைத்தார். நம் நிலையை எடைபோடுவதும் மூளையின் வேலைதான். நோய் அந்த வேலையையும் கெடுக்கலாம். உங்கள் மாமா பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். நோய் இருப்பது தனக்குத் தெரிவது சில நாள் கூடும், சில நாள் குறையும். சிகிச்சையில் பலருக்குத் திரும்பியும் வரும்.

'சந்தேகப்படுகிறவனுக்கு மனநோய் இருக்காது' என்று யாராவது ஆறுதல் சொன்னால் நம்பாதீர்கள். இன்று சந்தேகப்படுகிறீர்கள், சரி. போன மாதம் அந்த வாரத்தில் உங்களுக்கு இந்தச் சந்தேகம் வந்ததா? அக்காவுக்குத்தான் வந்தது.

தூக்கம் வராமல் தவிப்பது வேறு. மறுநாள் உடம்பு அடித்துப்போட்டதுபோல் இருக்கும். தூக்கம் பாதியாகக் குறைந்தும் களைப்பே இல்லை, உற்சாகம் மட்டும் ஏறுகிறது என்றால் அது பித்து நிலையின் தொடக்கமாக இருக்கலாம். நான்கு நாட்கள் தொடர்ந்து அப்படி இருந்தாலே மருத்துவர்களான நாங்கள் இருதுருவ நோயை, அதாவது பித்து நிலையும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோயை, நினைத்துப் பார்ப்போம். உங்களுக்கு அதுதான் என்று ஒரு கடிதத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் தூக்கமும் மனநிலையும் மாறும்; ரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும். ஆனால் இருதுருவ நோய் இருக்கும் ஒருவர் மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகப் போட்டால், அதுவே அவரைப் பித்து நிலைக்குத் தள்ளிவிடலாம். நண்பருக்கு நல்லது செய்த மாத்திரை உங்களுக்கும் நல்லது செய்யும் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? நான்கு நாள் போட்டதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இந்த வாரமே மனநல மருத்துவரைப் பாருங்கள். அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த ஏழு நாளைப் பற்றி நீங்கள் சொல்வதைவிட அவர் சொல்வதுதான் மருத்துவருக்கு அதிகம் உதவும்: எவ்வளவு பேசினீர்கள், எதற்கெல்லாம் கோபப்பட்டீர்கள், பணத்தை எப்படிச் செலவழித்தீர்கள். மாமாவுக்கு என்ன நோய் என்று சொன்னார்கள் என்பதையும் வீட்டில் கேட்டு வையுங்கள். விழித்திருக்கும்போதே குரல்கள் கேட்டாலோ, சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தாலோ, நாள் பார்க்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், தெளிவாக இருக்கும் இந்த நாட்களிலேயே அக்காவோடு ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். தினமும் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று எழுதி வையுங்கள், அவரும் பார்க்கட்டும். இரண்டு இரவு தொடர்ந்து மிகக் குறைவாகத் தூங்கியும் களைப்பு தெரியவில்லை என்றால், நீங்கள் 'எனக்கு ஒன்றுமில்லை' என்று எவ்வளவு கத்தினாலும் அவர் மருத்துவரைக் கூப்பிடலாம் என்று இப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள்.