மீன் சாப்பிடாதவர்கள் எந்த ஒமேகா-3 காப்ஸ்யூல் வாங்கலாம்? ஆளி விதை எண்ணெயா, பாசி எண்ணெயா?

காசு கொடுத்து காப்ஸ்யூல்தான் வாங்குவது என்று முடிவு செய்திருந்தால், பாசி எண்ணெயை வாங்குங்கள். ஆளி விதை அருமையான உணவு. ஆனால் அதைச் சமையலறையில் வைத்துக்கொள்வதுதான் சரி. நானும் பிறந்ததிலிருந்து சைவம். வயதான அம்மாவுக்காக இதையெல்லாம் தேடிப் படித்த பிறகு சொல்கிறேன்.

ஒமேகா-3 என்பது ஒரே பொருள் இல்லை, அதில் முக்கியமாக மூன்று வகைக் கொழுப்புகள் உண்டு. ஆளி விதை, சியா விதை, வால்நட் மூன்றிலும் இருப்பது ஏஎல்ஏ. மூளையிலும் விழித்திரையிலும் நிறைந்திருப்பது டிஹெச்ஏ. மூன்றாவது ஈபிஏ. உடம்பு ஏஎல்ஏவை மற்ற இரண்டாகவும் மாற்றிக்கொள்ளும், ஆனால் மிகக் கொஞ்சம்தான். ஈபிஏ ஆவது பெரும்பாலும் நூற்றுக்குப் பத்துக்கும் கீழே. டிஹெச்ஏ ஆவது அதிலும் சொற்பம். போதாததற்கு, சூரியகாந்தி எண்ணெயில் ஏராளமாக இருக்கும் ஒமேகா-6 கொழுப்புக்கும், இந்த மாற்றத்தைச் செய்யும் அதே நொதிதான் (என்சைம்) வேலை செய்ய வேண்டும். 1000 மில்லிகிராம் ஆளி எண்ணெய்க் காப்ஸ்யூலில் ஏஎல்ஏ சுமார் பாதி. அதில் டிஹெச்ஏவாக எவ்வளவு தேறும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

மீனில் இருக்கும் டிஹெச்ஏவும் பெரும்பாலும் கடலின் நுண்பாசியிலிருந்து வந்து சேர்ந்ததுதான். அந்தப் பாசியைத் தொட்டிகளில் வளர்த்து எண்ணெய் எடுக்கிறார்கள். சைவர்களுக்கு இதைவிட நேரான வழி இல்லை.

கடையில் டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். முன்னால் பெரிதாகப் போட்டிருக்கும் 1000 பல சமயம் எண்ணெயின் எடை மட்டுமே. டிஹெச்ஏ எத்தனை, ஈபிஏ எத்தனை என்று தனித்தனியாகப் போட்டிருக்க வேண்டும். இரண்டும் சேர்த்து நாளுக்கு 250 மில்லிகிராம் பெரியவர்களுக்குப் போதும் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்கு. எண்ணெய் பாசியுடையதாக இருந்தும் மேலுறை ஜெலட்டினாக இருக்கலாம், அது விலங்கிலிருந்து எடுப்பது. அதனால் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். '3-6-9' என்று போட்டு விற்பதைத் தொடாதீர்கள். ஒமேகா-6 நம் சமையல் எண்ணெயிலேயே தேவைக்கு மேல் கிடைக்கிறது, ஒமேகா-9ஐ உடம்பே தயாரித்துக்கொள்ளும்.

ஏஎல்ஏவும் உடம்பு தானாகச் செய்ய முடியாத கொழுப்புதான், அதனால் ஆளி விதையை விட்டுவிடாதீர்கள். ஆண்களுக்கு நாளுக்கு 1.6 கிராம், பெண்களுக்கு 1.1 கிராம் ஏஎல்ஏ வேண்டும். ஒரு மேசைக்கரண்டி பொடியிலேயே அது வந்துவிடும். முழு விதையாக விழுங்கினால் பெரும்பாலும் செரிக்காமல் அப்படியே போய்விடும். எங்கள் வீட்டில் லேசாக வறுத்து, மிளகாய் வற்றலும் உளுந்தும் பெருங்காயமும் சேர்த்து இட்லிப் பொடியாகத் திரிக்கிறோம். சீக்கிரம் சிக்குவாடை அடிக்கும், ஆகையால் கொஞ்சமாக அரைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஆளி எண்ணெயைத் தாளிக்கப் பயன்படுத்த வேண்டாம், அதற்குச் சூடு ஒத்துக்கொள்ளாது.

மாரடைப்பு வராமல் தடுக்கும் என்ற நம்பிக்கையில் மட்டும் வாங்காதீர்கள். அமெரிக்காவில் சுமார் 26,000 பேரிடம் நடந்து 2018இல் முடிவு வெளியான 'வைட்டல்' ஆய்வில், தினம் 1 கிராம் மீன் எண்ணெய்க் காப்ஸ்யூல் எடுத்தவர்களுக்குப் பெரிய இதய நோய்கள் குறிப்பிடும்படி குறையவில்லை. கர்ப்பிணிகளுக்கு டிஹெச்ஏ தேவை கூடும், அளவை மருத்துவர் சொல்லட்டும். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மாத்திரை எடுப்பவர்களும், இதயத் துடிப்பு சீராக இல்லாதவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது.